புதுப்பிப்பு: வளவு வீட்டு எழுத்து விளையாட்டு, உரிமம் முடிவாச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்: என் எழுத்து விளையாட்டில் (படமில்லாமல், வாசித்துத் தட்டச்சு செய்தே ஆடும் கணினி விளையாட்டு) பங்காளிகள் எல்லாரும் சாவியோடு கூடினால்தான் செட்டிநாட்டு வீட்டின் உள் முற்றமான வளவின் கதவு திறக்கும், அதே உத்தியைக் காரைக்குடித் தம்பி ஒருவர் தன் விளையாட்டில் வைத்துவிட்டார், தடுக்கலாமா என்று.

முடியாது. இப்போது மனமும் இல்லை. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு. தம்பி என் வரி ஒன்றைக்கூட எடுக்கவில்லை. பூட்டும் பங்காளியும் நான் படைத்ததா என்ன?

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என நான் எழுதிய அறை வர்ணனைகளை இன்று கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமத்தில் விட்டுவிட்டேன். என் பெயரைச் சொல்லுங்கள், மாற்றினால் அதையும் இதே உரிமத்தில் கொடுங்கள். விற்கவும் செய்யலாம். 1991-இல் வந்த டிக்குமட் என்ற பலர் சேர்ந்து ஆடும் எழுத்து விளையாட்டின் உரிமம், அதை வைத்துக் காசு பார்க்கத் தடை போட்டிருந்தது. எனக்கு அது வேண்டாம். நிரல் மட்டும் தனியே, கட்டுப்பாடு மிகக் குறைந்த எம்ஐடி உரிமத்தில்.

தம்பியோடு பேசினேன். அடுத்த புதிரை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம்.