மெத்தில்குளோரோசிலேன் தயாரிப்பில் செம்புடன் துத்தநாகமும் வெள்ளீயமும் எதற்கு?

காலாப்பட்டு மாணவி:
வணக்கம். புதுச்சேரியில் முதுகலை வேதியியல் படிக்கிறேன். சிலிக்கான் தூளின் ஊடே ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசில் மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தி, சிலிக்கோன்களின் மூலப்பொருளான டைமெத்தில்டைகுளோரோசிலேன் எடுக்கும் மியூல்லர்–ரோக்கோ முறையில் செம்பு வினையூக்கியாக இருப்பதைப் பாடநூல் விளக்குகிறது. ஆலைகளிலோ துத்தநாகமும் வெள்ளீயமும் சிறிதளவு சேர்க்கிறார்கள். செம்பே வினையை நடத்தும்போது இவற்றின் பங்கு என்ன? அளவைக் கூட்டினால் பலனும் கூடுமா?

கடலூர் சிப்காட் பொறியாளர்:
வினை நடக்கிறதா என்பதைவிட எந்தப் பொருள் அதிகமாக வருகிறது என்பதே ஆலையில் பெரிய கேள்வி. டைமெத்தில்டைகுளோரோசிலேன் 70 டிகிரியில் கொதிக்கிறது. உடன் உருவாகும் மெத்தில்டிரைகுளோரோசிலேனோ 66 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்த 4 டிகிரி இடைவெளியில் இரண்டையும் பிரிக்க மிக உயரமான வடிகோபுரமும் ஏராளமான நீராவியும் வேண்டும் என்பதால், பின்னது (சுருக்கமாக டிரை) குறைந்து முன்னது (டை) மிகுந்த கலவையை உலையிலேயே பெறுவதுதான் சிக்கனம். சிலிக்கானுடன் கூடிச் செம்பு உருவாக்கும் சிலிசைடே வினை நடக்கும் களம். அங்கே மெத்தில் தொகுதியைச் சிலிக்கானுக்குக் கடத்தத் துத்தநாகம் உதவுவதாகவும், செம்பு பரப்பில் பரவ வெள்ளீயம் உதவுவதாகவும் விளக்குவார்கள். இரண்டும் சேர்ந்திருக்கும்போது கிடைக்கும் பலன், தனித்தனியே கிடைப்பவற்றின் கூட்டுத்தொகையைவிட அதிகம். அளவோ மிகச் சிறிது: துத்தநாகம் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியது, வெள்ளீயம் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள் மட்டுமே. ஆகவே கூட்டிக்கொண்டே போவது வழியல்ல. எல்லை மீறினால் விரும்பிய பொருளின் விகிதம் சரியும்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், கடலூர்:
பொறியாளர் ஐயா கூறியதோடு சிலிக்கானின் தூய்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலோகத் தர சிலிக்கானில் இயல்பாகவே இருக்கும் அலுமினியமும் ஊக்கியாக, அதாவது துத்தநாகம், வெள்ளீயம் போல வினையூக்கிக்குத் துணையாகச் செயல்படுகிறது. ஈயமோ மிகச் சிறிய அளவிலேயே வினையைக் கெடுத்துவிடும். வெப்பம் உமிழும் வினை இது என்பதால் மிதவைப் படுகையில் (வாயு ஓட்டத்தில் சிலிக்கான் தூள் மிதக்கும் உலையில்) ஓரிடம் அளவுக்கு மீறிச் சூடானால், மெத்தில் தொகுதி சிதைந்து கரி படியும், விகிதமும் கெடும். அப்போது ஊக்கியின்மேல் பழி போடுவது பொருந்தாது.

காலாப்பட்டு மாணவி:
மிக்க நன்றி ஐயா. இந்த ஊக்கிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையை எப்படி வகுப்பது?

கடலூர் சிப்காட் பொறியாளர்:
ஒரே தயாரிப்புத் தொகுப்பில் (batch) வந்த சிலிக்கானையே எல்லாச் சோதனைக்கும் பயன்படுத்துங்கள். துத்தநாகத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு வெள்ளீயத்துக்குப் போகாமல், இரண்டையும் சேர்த்தே மாற்றிப் பாருங்கள். தொடக்கத்தில் வினை மெதுவாகவே எழும். அது நிலைபெற்ற பின் எடுக்கும் டிரை–டை விகிதத்தையே ஒப்பிடுங்கள். மெத்தில் குளோரைடு நச்சுத்தன்மையும் எளிதில் தீப்பற்றும் இயல்பும் உடையது. உங்கள் வழிகாட்டி உடனிருக்காமல் உலையைத் தொடாதீர்கள்.