பூட்டனாரின் கணக்குக் கொப்பி: அவர் அமெரிக்கா போனவரா?

கேள்வி

என் தாயாரின் ஊர் வல்வெட்டித்துறை. பூட்டனார் கப்பலில் அமெரிக்கா போய் வந்தவர் என்று அம்மம்மா சொல்லுவார்; நாங்கள் அதை வெறுங்கதை என்றே எண்ணியிருந்தோம். சென்ற மாதம் பழைய தகரப் பெட்டியின் அடியிலிருந்து எண்ணெய்க்கறை படிந்த கணக்குக் கொப்பி ஒன்று கிடைத்தது. அதில் "தாது வருடம், தை, வெள்ளிக்கிழமை, அக்கியாப்பு, அரிசி மூடை ௩௱௫௰" என்றும், பக்கத்தின் கீழே பூட்டனாரின் பெயரோடு "தண்டையல்" என்றும் எழுதியிருக்கிறது. இது எந்த ஆண்டு? அமெரிக்கக் கதையில் உண்மை இருக்க முடியுமா?

முதல் பதில்

மூடைகள் 350. அக்கியாப்பு என்பது பர்மாவின் அரக்கான் கரையிலுள்ள, இன்று சிட்வே எனப்படும் துறைமுகம். தண்டையல் என்றால் கப்பலை நடத்துபவர். ஆகவே உங்கள் பூட்டனார் சாதாரண மாலுமி அல்லர். தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், தாது வருடத்துத் தை 1877 ஆகவும் இருக்கலாம், 1937 ஆகவும் இருக்கலாம். நல்லவேளையாகக் கிழமையும் எழுதியிருக்கிறார். தேதியையும் கண்டுபிடித்து, இரண்டு ஆண்டுகளின் பஞ்சாங்கத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாதத்தில் ஐயமில்லை: பாய்க்கப்பல்கள் சோழகக் காற்றில் (தென்மேற்குப் பருவக்காற்று) பர்மாவுக்கு ஓடி, புதிய அரிசியை ஏற்றிக்கொண்டு வாடைக் காற்றில் (வடகிழக்குப் பருவக்காற்று) திரும்புவதே வழக்கம்.

இரண்டாவது பதில்

அம்மம்மா சொன்னதை வெறுங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட "அன்னபூரணி" என்ற இருபாய்மரக் கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றிய வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தம் மனைவியின் பெயரால் "புளோரன்ஸ் சி. ராபின்சன்" என்று மாற்றினார். 1937இல் இலங்கையை விட்டுப் புறப்பட்ட அக்கப்பல், கனகரத்தினம் தம்பிப்பிள்ளை என்ற தண்டையலோடும் நம்மூர் மாலுமிகளோடும் சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டு 1ஆம் தேதி மாசசூசெட்ஸிலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அக்காலத்தில் அமெரிக்கத் துறைமுகங்களில் வெளிநாட்டு மாலுமிகளின் பட்டியலைக் கப்பல் தலைவர் கொடுத்தாக வேண்டும். அப்பட்டியல்கள் அந்நாட்டுத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருப்பதால், பெயரை அங்கே தேடலாம். எழுதியவரின் காதில் விழுந்தபடி நம் பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும் என்பதால், எழுத்துக்கூட்டலைப் பல விதமாக மாற்றித் தேடுவது நல்லது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மூடை எண்ணிக்கைக்கு மேலே மங்கலாக இருந்த தேதியை வெயிலில் பிடித்துப் படித்தேன். கிழமை 1937க்கே பொருந்துகிறது. ஆனால் நான்கு பக்கம் தள்ளி "ஈசுவர வருடம், தை" என்ற குறிப்பும் அதே அக்கியாப்பிலிருந்தே எழுதப்பட்டுள்ளது. அது 1938 தை. அன்னபூரணி அப்போது அமெரிக்காவை நோக்கிய பயணத்தில் இருந்திருக்கிறது. எனவே பூட்டனார் அந்தக் கப்பலில் போகவில்லை. ஊரே பெருமையாகப் பேசிய பயணத்தை எங்கள் வீட்டார் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் போலும். பர்மாவுக்குக் கப்பல் ஓட்டியவர் என்பதே எனக்குப் பெரிது. தொண்ணூறு வயது அம்மம்மாவிடம் மற்றதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இரண்டாவது பதில்

சொல்லாமலே விடுங்கள். கொப்பியை மட்டும் ஈரம் படாமல் வைத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள்.