பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பிள்ளையைக் கராத்தே, ஜூடோ வகுப்பில் சேர்க்கும் முன்

செப்டம்பரில் பள்ளி தொடங்கியதும் புதிதாக வந்த பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "பிள்ளைக்கு ஏழு வயசு ஆகுது. கராத்தேயில் சேர்க்கலாமா, டேக்வாண்டோவா, ஜூடோவா?" ஹாரோ, ஈஸ்ட் ஹாம், க்ராய்டன் என்று எந்தப் பக்கம் குடியேறியிருந்தாலும், தேடினால் பக்கத்திலேயே ஏதாவது ஒரு வகுப்பு இருக்கும். எந்தக் கலை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். யார் சொல்லிக்கொடுக்கிறார், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பாருங்கள். நல்ல ஆசிரியர் கிடைத்தால் இதில் எதுவும் பிள்ளைக்கு நல்லதுதான்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிரிட்டனில் தற்காப்புக் கலை சொல்லிக்கொடுக்க அரசாங்க லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. எதற்கெடுத்தாலும் பதிவு, சான்றிதழ் என்று கேட்கும் நாடு இது. ஆனாலும் ஒரு சர்ச் ஹாலை வாடகைக்கு எடுத்து, கறுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு, நாளைக்கே யார் வேண்டுமானாலும் வகுப்பு ஆரம்பித்துவிடலாம். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களும் முழுக் கதையைச் சொல்லாது. ஜூடோவுக்கு பிரிட்டிஷ் ஜூடோ அசோசியேஷன், ஒலிம்பிக் வகை டேக்வாண்டோவுக்கு பிரிட்டிஷ் டேக்வாண்டோ என்று தேசிய அமைப்புகள் உண்டு. கராத்தேயிலும் கிக்பாக்ஸிங்கிலும் சங்கங்கள் ஏராளம், ஒவ்வொன்றும் தன் பெயரில் பெல்ட் கொடுக்கும். அதனால் விசாரிக்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது.

விசாரிப்பதில் முதலாவது டிபிஎஸ், அதாவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவர் மேல் குற்றப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கும் அரசாங்கச் சோதனை. குழந்தைகளுக்கு வாராவாரம் பயிற்சி கொடுப்பவருக்கு 'என்ஹான்ஸ்டு' டிபிஎஸ் சோதனை நடந்திருக்க வேண்டும். குழந்தைகளோடு வேலை செய்யத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலையும் சேர்த்துப் பார்த்த சோதனையாக அது இருக்க வேண்டும். 'பேசிக்' டிபிஎஸ் போதாது. அடுத்தது காப்பீடும் முதலுதவிப் பயிற்சியும். அப்புறம், குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக கிளப்பில் ஒரு வெல்ஃபேர் ஆபீசர் இருக்கிறாரா, அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். இங்கிலாந்தின் அரசு விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் இங்கிலாந்து ஆதரவோடு வந்த 'சேஃப்கார்டிங் கோட் இன் மார்ஷியல் ஆர்ட்ஸ்' என்ற சான்றும் உண்டு. அது இருந்தால் இந்த விஷயங்களை வெளியாள் ஒருவர் ஏற்கெனவே சரிபார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

நம்மவர்கள் நடத்தும் வகுப்புகளுக்கும் இதே கேள்விகள்தான். நம் ஊரிலிருந்து வந்த மாஸ்டர், தமிழில் பேசுகிறார், தெரிந்தவரின் தெரிந்தவர் என்றதும் நாம் எதையும் கேட்பதில்லை. டிபிஎஸ் சோதனை வெளிநாட்டுக் குற்றப் பதிவுகளைத் தொடாது. சமீபத்தில் இங்கு வந்த ஒருவருடைய டிபிஎஸ் சுத்தமாக இருந்தால், இங்கே அவர் மேல் ஒன்றும் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். முன்பு இருந்த நாட்டின் போலீஸ் சான்றிதழை கிளப் வாங்கியிருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல ஆசிரியர் இதற்குக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் வேறு இடம் பாருங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குருவிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். மாஸ்டர் திட்டினால், தோப்புக்கரணம் போடவைத்தால், குச்சியால் ஒன்று வைத்தால்கூட 'நல்லதுக்குத்தான்' என்று விட்டுவிடுகிறோம். பிள்ளையின் மேல் கை வைக்கும் வகுப்பு எந்த நாட்டிலும் வேண்டாம். பயிற்சியாளருக்குப் பிள்ளைகள் மேல் எவ்வளவு செல்வாக்கு உண்டு என்பதை இங்கே சட்டமும் கணக்கில் எடுத்திருக்கிறது. 16, 17 வயதுப் பிள்ளைகளோடு அவர்களுடைய விளையாட்டுப் பயிற்சியாளர் பாலியல் உறவு வைப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஜூன் முதல் குற்றம். பதின்வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இதைப் பேசிவிடுங்கள். பயிற்சியாளர் பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவது, தனியாகக் காரில் கூட்டிப்போவது, 'இதை வீட்டில் சொல்லாதே' என்பது, இவற்றில் எது நடந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

சரி, இப்போது வகுப்புக்குப் போவோம். பல கிளப்கள் டிரையல் கிளாஸ் கொடுப்பார்கள். அதற்கும் முன்னால், பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். 'பெற்றோர் பார்க்கக் கூடாது' என்பது எப்போதுமே விதி என்றால் அங்கே சேர்க்காதீர்கள். உள்ளே உட்கார்ந்ததும் நன்றாக உதைக்கிற பிள்ளையைப் பார்க்க வேண்டாம், அந்தப் பிள்ளை எங்கேயும் நன்றாகத்தான் செய்யும். தடுமாறுகிற பிள்ளையைப் பாருங்கள். ஆசிரியர் அதன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? பக்கத்தில் போய்க் காட்டிக்கொடுக்கிறாரா? மற்றவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிக்கிறாரா? அழுகிற பிள்ளையை என்ன செய்கிறார்? ஒரு மணி நேர வகுப்பில் பாதி நேரம் வரிசையில் நின்று காத்திருக்கிறார்களா, இல்லை எல்லோரும் அசைந்துகொண்டே இருக்கிறார்களா? ஜோடி சேர்க்கும்போது வயதும் எடையும் பார்த்துச் சேர்க்கிறார்களா, கைக்குக் கிடைத்தவரைச் சேர்க்கிறார்களா? பெரிய பையன் ஒருவன் சின்னவனை வேகமாகத் தூக்கிப்போட்டால் யார் தடுக்கிறார்கள்?

ஜூடோ, ஜியு-ஜிட்சு வகுப்பென்றால் முதலில் விழத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தலை தரையில் படாமல் எப்படி விழுவது என்று ஒவ்வொரு வகுப்பிலும் கொஞ்ச நேரம் பழக்குகிறார்களா என்று பாருங்கள். பிடியில் மாட்டியவர் கையால் தட்டினால் அந்த நொடியே விட வேண்டும். அதில் ஒரு பிள்ளைகூட மெத்தனமாக இருக்கக் கூடாது, ஆசிரியரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. உதை, குத்து உள்ள கலைகளில் தலையில் அடி பற்றி நேராகக் கேளுங்கள்: எந்த வயதிலிருந்து தலைக்கு அனுமதிக்கிறீர்கள், அடிபட்டால் என்ன செய்வீர்கள்? அரசாங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, 21 நாட்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது. "தண்ணி குடிச்சுட்டு வந்து நில்லு" என்று சொல்லும் இடம் பிள்ளைக்கு ஆபத்தான இடம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாதக் கட்டணத்தோடு செலவு நிற்காது. ஆண்டு உறுப்பினர் கட்டணம், சீருடை, கையுறை, ஒவ்வொரு கிரேடிங்குக்கும் (அடுத்த பெல்ட்டுக்கான தேர்வு) தனிக் கட்டணம், புது பெல்ட் என்று சேர்ந்துகொண்டே போகும். முதல் வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு வங்கியில் டைரக்ட் டெபிட்டை (கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாடு) நிறுத்தினாலும் ஒப்பந்தம் முடிந்துவிடாது, பாக்கி கேட்டுக் கடிதம் வரும். விலகுவதற்கு எத்தனை நாள் நோட்டீஸ் என்று முதலிலேயே படித்துவிட்டு, மாதாமாதம் கட்டும் இடத்தைத் தேடுங்கள். லெஷர் சென்டரிலும் பள்ளி ஹாலிலும் தன்னார்வலர்கள் நடத்தும் ஜூடோ கிளப்கள் பல ஊர்களில் உண்டு. பளபளப்பு இருக்காது, சொல்லித்தருவது நன்றாக இருக்கும். லண்டனில் புடோக்வாய் கிளப் 1918-இல் தொடங்கியது. அவ்வளவு காலமாக ஜூடோ இங்கே வேரூன்றியிருக்கிறது.

பெல்ட் விஷயத்தில் ஏமாறாதீர்கள். இரண்டு மூன்று வருடத்தில் கறுப்பு பெல்ட் உறுதி என்று விளம்பரம் செய்யும் இடம் பெல்ட் விற்கிற இடம். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி நீல பெல்ட்டுக்கே 16 வயது ஆக வேண்டும், கறுப்புக்கு 19. டேக்வாண்டோவில் கொரியாவில் உள்ள தலைமையகமான குக்கிவோன், 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெரியவர்களின் கறுப்பு பெல்ட்டுக்குப் பதிலாகப் 'பூம்' என்ற தனிப்படி வைத்திருக்கிறது. கிரேடிங்கில் யாராவது எப்போதாவது தேறாமல் போவதுண்டா என்று கேளுங்கள். இல்லவே இல்லை என்றால் அது தேர்வே இல்லை.

பள்ளியில் யாரோ கேலி செய்கிறார்கள், தள்ளிவிடுகிறார்கள், அதனால் கராத்தேயில் சேர்க்கிறேன் என்று வருகிறவர்களுக்கு: முதலில் வகுப்பாசிரியரிடம் போங்கள். இங்கே அரசுப் பள்ளிகள் கேலி, கொடுமையைத் தடுக்கும் நடவடிக்கைகளை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வாயால் சொன்னதை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கராத்தே பிள்ளைக்கு நிமிர்ந்து நிற்கும் தைரியத்தைக் கொடுக்கலாம், ஆனால் பள்ளி செய்ய வேண்டிய வேலையை ஏழு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றக் கூடாது.

கேட்கப்பட்ட வேறு சிலவற்றுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பெண் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு தேவையா? சின்ன வயதில் கலந்து பழகுவதே இங்கே வழக்கம். பத்து பதினொரு வயதுக்கு மேல், பெண் பயிற்சியாளர் ஒருவராவது இருக்கிறாரா, உடை மாற்றத் தனி இடம் இருக்கிறதா, மாதவிடாய் நாட்களில் வெள்ளைக் கால்சட்டைக்குப் பதில் கறுப்பு போடலாமா என்று கேளுங்கள். இந்த மூன்றாவது கேள்விக்கு வெட்கப்படாமல் பதில் சொல்லும் கிளப்பில் பெண்கள் நீடித்து நிற்பார்கள்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியோடு மோதுகிறதே? வார நாள் மாலை வகுப்பைத் தேடுங்கள். தமிழ்ப் பள்ளியை விட்டுவிட்டுக் கராத்தேக்கு அனுப்ப நான் சொல்லமாட்டேன். சிலம்பம் சொல்லித்தருகிறவர் பக்கத்தில் இருந்தால் அதுவும் அருமையான வழி, மேலே சொன்ன அத்தனை கேள்விகளோடும்.

கார்ட்டூன் பார்த்துவிட்டு நிஞ்ஜா நட்சத்திரம் கேட்கிறான், ஆன்லைனில் வாங்கலாமா? வேண்டவே வேண்டாம். ஷூரிகென் எனப்படும் எறிநட்சத்திரத்தை வீட்டில் வைத்திருப்பதே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 ஜூலை முதல் குற்றம்.

வகுப்பில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் யாரிடம் போவது? கிளப்பின் வெல்ஃபேர் ஆபீசரிடம், பிறகு அந்த கிளப் சேர்ந்திருக்கும் சங்கத்திடம். அவர்கள் மேலேயே நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவுக்குப் பேசுங்கள். பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் மேல் வரும் புகார்களைக் கவனிக்க இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுன்சிலிலும் தனி அதிகாரி இருக்கிறார். புகார் செய்தால் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதற்கும் விசாவுக்கும் சம்பந்தம் இல்லை. குழந்தைகள் பாதுகாப்புக்கான தொண்டு அமைப்பான என்எஸ்பிசிசியின் உதவி எண் 0808 800 5000, பெயர் சொல்லாமலும் பேசலாம். பிள்ளை தானே பேச விரும்பினால் சைல்ட்லைன் 0800 1111, இலவசம். உடனடி ஆபத்து என்றால் 999.