ஹூட் வைத்த துறவி அங்கி: என்ன துணி எடுக்கலாம்?

கேள்வி: பள்ளி நாடகத்துக்கு ஹூட் (அங்கியோடு சேர்ந்த தலைமூடி) வைத்து, கணுக்கால்வரை அங்கி தைக்கணும். உயரம் 5 அடி 4 அங்குலம். சாட்டின் எடுக்கலாமா? எத்தனை மீட்டர் வேணும்?

பதில் 1: சாட்டின் வேண்டாங்க. மேடை விளக்கில் பளபளக்கும், வெட்டும்போது வழுக்கும், ஓரம் நூல் நூலாகப் பிரியும். கேஸ்மென்ட் பருத்தி எடுங்க, கனமிருப்பதால் மடிப்பு அழகா விழும். பாப்லின் மெல்லிய பருத்தி, அதில் ஹூட் துவண்டுபோகும். 44 அங்குல அகலத்தில் நாலரை மீட்டர் போதும்.

பதில் 2: வெட்டும் முன் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காயவைத்து இஸ்திரி போடுங்க. இல்லேன்னா முதல் துவைப்பிலேயே அங்கி கெண்டைக்காலுக்கு ஏறிடும். ஹூட்டுக்கு 15க்கு 12 அங்குலத்தில் இரண்டு துண்டு. அதன் அடி கழுத்தைவிட நீளமா வந்தா பின்பக்கம் கொசுவம் வையுங்க, இழுத்துத் தைக்காதீங்க.

கேட்டவர்: கையில் மெழுகுவத்தி பிடிக்கிற காட்சி இருக்கு.

பதில் 1: பேட்டரி மெழுகுவத்தி வாங்கிடுங்க. பருத்தியும் தீப்பிடிக்கும்; பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும், அது இன்னும் மோசம். பருத்தியில் பாலியெஸ்டர் கலந்திருக்கா என்று பார்க்க ஒரு நூலை உருவிக் கொளுத்துங்க: பருத்தின்னா காகித வாசம், பொடிச் சாம்பல், பாலியெஸ்டர் இருந்தா கருப்பு மணியா இறுகும்.