பங்கரிங்: எரியெண்ணெய் ஏற்றலா, ஊட்டலா?

வணக்கம்.

கப்பல் தன் சொந்த எஞ்சினுக்கு எண்ணெய் வாங்குவதைப் பங்கரிங் என்கிறார்கள். அகராதியைப் பார்த்து அப்படியே பெயர்த்தால் 'பதுங்குகுழி எண்ணெய்' ஆகிவிடும்! நீராவிக் காலத்தில் கப்பலுக்குள் நிலக்கரி கொட்டிவைத்த அறைக்குப் பங்கர் என்று பெயர். கரி போயும் பெயர் போகவில்லை. நம் கப்பல் சொற்பட்டியலுக்கு என் முன்மொழிவு: எரியெண்ணெய் ஏற்றல். கொண்டுவந்து கொடுக்கும் சிறு டாங்கருக்கு: எண்ணெய்ப் படகு.

> எரியெண்ணெய் ஏற்றல்

ஐயா, 'ஏற்றல்' ஒட்டாது. டாங்கர் கப்பலில் விற்பனைக்கான எண்ணெய் சரக்காக ஏறுவதும் ஏற்றல்தான். சரக்கு தலைமை அதிகாரியின் பொறுப்பு, எஞ்சினுக்கான எரியெண்ணெய் தலைமைப் பொறியாளரின் பொறுப்பு, குழாய்வாயும் வேறு. கப்பலின் வயிற்றுக்குப் போவது எது என்று சொல்லிலேயே தெரிய வேண்டும். ஆகவே 'எரியெண்ணெய் ஊட்டல்'. கொடுப்பது ஊட்டுகலம், வாங்குவது பெறுகலம். ('கொள்கலம்' அழகுதான், ஆனால் கன்டெய்னர்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.) படகு வேண்டாம், சிங்கப்பூரில் ஓடுபவற்றில் பல ஆயிரம் டன் கொள்பவை உண்டு.

பங்கர் என்றே எழுதுவோம் என்பவர்களுக்கு: ஈழத்து வாசகருக்குப் பங்கர் என்றால் குண்டுவீச்சுக்கு அஞ்சி வளவில் வெட்டிய குழி. கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும் இந்தத் தொழில் நடப்பதால் அவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

> ஊட்டுகலம், பெறுகலம்

வினைத்தொகை, ஒற்று மிகாது, சரி. வேலைக் குறிப்பில் நிற்கிறதா என்று எழுதிப் பார்த்தேன்:

"ஊட்டுகலம் பக்கத்தில் கட்டியதும் சிவப்பு 'பி' கொடி (ஆபத்தான பொருள் கையாளும் அடையாளம்) ஏற்றவும், இரவில் சிவப்பு விளக்கு. மேல்தளத்து நீர்வடி துளைகளை அடைக்கவும். இரு கலத்துத் தொட்டிகளிலும் அளவுநாடா இறக்கி, வெப்பநிலையோடு குறிக்கவும். மெதுவாகத் தொடங்கி, கசிவில்லை, உரிய தொட்டிக்குத்தான் போகிறது என்று கண்டபின் வேகம் கூட்டவும். தொட்டியை 85–90 விழுக்காட்டோடு நிறுத்தவும். கடைசித் தொட்டிக்கு வருமுன் வேகம் குறைக்கச் சொல்லவும்."

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். நிறைந்த தொட்டிகளின் வால்வுகளை ஒவ்வொன்றாக மூட மூட, ஓட்டம் முழுவதும் மிச்சமுள்ள ஒன்றில் பாயும். காற்றுப்போக்கி வழியாக எண்ணெய் தளத்தில் கொப்பளிக்கும். துளை அடைக்காமல் இருந்தால் அடுத்த நிமிடம் கடலில்.

'கப்புச்சினோ'வுக்கும் சொல் வேண்டும். எண்ணெய்க்குள் காற்றை ஊதி அளவைப் பெருக்கும் மோசடி: டீக்கடையில் அரை தம்ளர் நுரைக்குக் காசு கொடுப்பது போல. நாடாவில் குமிழ் ஒட்டிவரும், குழாய் உதறும். 'நுரையளவு' என்கிறேன். சிங்கப்பூர் 2017 தொடக்கத்திலிருந்து கடல் எரியெண்ணெய்க்கு நிறைப்பாய்வுமானியை (குழாயில் ஓடும் எண்ணெயின் எடையை நேரடியாக அளக்கும் கருவி) கட்டாயமாக்கியதற்கு இப்படிப்பட்ட அளவுத் தகராறுகளே காரணம். நாடாவை நம்பும் துறைமுகங்களில் வெப்பநிலையையும் கவனியுங்கள். எண்ணெய் குளிர்ந்தால் அடர்த்தி கூடும் என்பதால், 10 பாகை குறைத்துச் சொன்னால் 500 டன்னுக்கு ஏறத்தாழ 3.5 டன் காகிதத்தில் மட்டும் ஏறும்.

> ஊட்டுகலத்தின் தடம்

ஏஐஎஸ் (கப்பல் தன் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் கருவி) காட்டும் தடத்துக்கும் சொற்கள் தேவை. நங்கூரமிட்ட கப்பல் 3 நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பிடம் சொல்லும். மிதவை ஆழமும் (கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் அளவு) 'நங்கூரத்தில்' என்ற நிலைக்குறிப்பும் ஆள் கையால் இடுபவை. மறந்தால் பழையதே ஓடும். இரண்டு தடங்கள் சில மணிநேரம் ஒட்டி நின்றால் 'தடச்சேர்க்கை' எனலாம். 'ஊட்டல்' என்று எழுதிவிடக் கூடாது. தண்ணீர்ப் படகும் கழிவெண்ணெய்ப் படகும் அப்படித்தான் ஒட்டி நிற்கும்.

தடம் அறுந்தால் 'தடமறைப்பு' என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார். அது குற்றம் சாட்டும் சொல். வேண்டுமென்றே அணைத்திருக்கலாம், நெரிசலான துறையில் அலைகள் மோதி ஏற்பி தவறவிட்டும் இருக்கலாம். 'தட இடைவெளி' போதும்.

> நுரையளவு, தட இடைவெளி

இரண்டையும் ஏற்கிறேன், 'ஏற்ற'லையும் விட்டுவிட்டேன். இனி ரசீது. அளவு, அடர்த்தி, கந்தக விழுக்காடு எல்லாம் அதில்தான் இருக்கும் (2020 முதல் பொது வரம்பு 0.50, கட்டுப்பாட்டுக் கடற்பகுதிகளில் 0.10). மார்ப்போல் (கப்பல் மாசு தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தம்) விதிப்படி 3 ஆண்டு கப்பலில் வைக்க வேண்டும். முத்திரையிட்ட மாதிரிப் புட்டி குறைந்தது 400 மில்லி, 12 மாதம். 'ஊட்டல் சீட்டு', 'ஊட்டல் மாதிரி' என்று பட்டியலில் சேர்த்திருக்கிறேன். 'சீட்டு' என்றால் சீட்டுக்கட்டு நினைவு வருகிறது என்பவர்கள் 'பற்றுச்சீட்டு' வகையில் வேறு தாருங்கள்.