பச்சை பெல்ட்டில் புது ஓட்டை: காரணம் தெரியாமல் எடை குறைந்தபோது எங்கள் வீடுகளில் நடந்தது

எடை குறைவதற்குப் பின்னால் புற்றுநோயோ வேறு நோயோ இருந்ததைப் பார்த்த நான்கு ஊர்க்காரர்கள் எழுதியது இது.

கோபிச்செட்டிபாளையம் பக்கம்:

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) எழுபது வயதுக்கு மேலும் மஞ்சளுக்குத் தண்ணி கட்டப் போனவர். வேட்டி மேல் எப்போதும் அந்தப் பச்சை பெல்ட்தான். அது லூசாகிவிட்டது, இன்னொரு ஓட்டை போட்டுக் கொடு என்று தம்பியிடம் கேட்டார். அம்மிச்சிக்கு (பாட்டிக்கு) அன்றைக்கே பயம் வந்துவிட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவருக்குப் புதிதாகச் சர்க்கரை என்று சொல்லியிருந்தார்கள். "சக்கரை வந்தா ஆளு இளைக்கத்தானுங்க செய்யும்" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஆனால் மாத்திரையில் சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகும் எடை இறங்கிக்கொண்டே இருந்தது.

அதைச் சரியாகப் பிடித்தவர் கோயமுத்தூரில் பார்த்த டாக்டர். வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருப்பதால் குடலில் இருக்கும் காற்று அதை மறைத்துவிடுமாம். சி.டி. ஸ்கேன் எடுத்ததில் கணையத்தில் புற்றுநோய்க் கட்டி தெரிந்தது. இன்சுலின் சுரப்பதே கணையம்தான். அதனால் ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை வந்து, கூடவே எடையும் குறைந்தால் கணையத்தையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்றார். உணவைக் கட்டுப்படுத்தாமல், உடற்பயிற்சியும் செய்யாமல், 6 முதல் 12 மாதத்துக்குள் எடையில் 5 சதவீதம் போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். 60 கிலோ ஆளுக்கு அது வெறும் 3 கிலோ.

அம்மிச்சி அரிசிம்பருப்பு சாதமும் நெய்யுமாக ஊட்டிப் பார்த்தார், உடம்பில் ஒட்டவே இல்லை. கட்டியாலும், அதை எதிர்த்து உடம்பு போடும் சண்டையாலும் சில பொருட்கள் ரத்தத்தில் கலந்து கொழுப்போடு தசையையும் கரைக்கின்றன. அதனால் சோறு மட்டும் அதை நிறுத்தாது என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் "என் சமையல் சரியில்லையோ" என்று அவர் அழுவதை நிறுத்தினார். கொழுப்பு செரிக்காமல் எண்ணெய்ப் பிசுக்காக மலம் போனதற்கு, சாப்பாட்டோடு விழுங்கும், செரிக்க உதவும் நொதி மாத்திரை கொடுத்தார்கள். வயிறு அடங்கியது, ஓரளவு தெம்பாகவும் இருந்தார். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

திருப்பூர்:

எங்கள் அம்மாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். முதலில் களி உருண்டை இறங்கவில்லை. அப்புறம் இட்லி, கடைசியில் கஞ்சி மட்டும். பசி இருந்தது, வழிதான் அடைத்துவிட்டது. பனியன் கம்பெனியில் கூட வேலை செய்த அக்காதான் "விழுங்கறதுக்குச் சிரமம்னா எண்டோஸ்கோபி பாத்துருங்க கண்ணு" என்று விடாமல் சொல்லி அனுப்பினார். அவருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

பொள்ளாச்சி:

படிக்கிறவர்கள் பயந்துவிட வேண்டாம் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். எனக்கும் மளமளவென்று எடை குறைந்தது. கூடவே கை நடுக்கம், படபடப்பு. பார்த்தால் தைராய்டு அதிகமாகச் சுரந்திருக்கிறது. மாத்திரையில் சரியாகிவிட்டது. காசநோயிலும் மன அழுத்தத்திலும்கூட இப்படி இளைக்கும்.

ஈரோடு:

என் வீட்டுக்காரருக்கு வாய்ப் புற்றுநோய், கதிர்வீச்சு கொடுத்தார்கள். "சோத்தைக் கொறைச்சாக் கட்டி சுருங்கிப் போயிருமுங்க" என்று பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போக, இவரும் சாப்பிட மறுத்தார். ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் கோபமாகவே பேசினார். பட்டினி போட்டால் கட்டிக்கு முன்னால் ஆள்தான் கரைவார், எடை ரொம்ப இறங்கினால் சிகிச்சையையே இடையில் நிறுத்த வேண்டி வரலாம் என்றார். வாயெல்லாம் புண்ணானதும் மூக்கு வழியாக டியூப் வைத்தார்கள். முட்டை, பால், சலித்த கொள்ளுத் தண்ணி என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுத்தேன். வாரா வாரம் எடை பார்த்து நோட்டில் குறித்து வைத்தோம். கதிர்வீச்சு ஒரு நாள்கூடத் தடைபடாமல் முடிந்தது. டியூப் எடுத்தாயிற்று. வாய் இன்னும் வறண்டுதான் இருக்கிறது, அதனால் ரசம் ஊற்றிக் குழைத்த சாதம்தான் இறங்குகிறது.