முதல் மாஸ்டர்ஸ் மீட்: ஜாம்மருக்குள்ளே பிரீஃப் போடலாமா? உடம்பு முழுக்க ஷேவ் பண்ணணுமா?

காலைக்குளியல்
வணக்கம். வயசு 41. மாஸ்டர்ஸ் மீட்ல (வயசு வந்தவங்களுக்கான நீச்சல் போட்டி) 100 மீ. பிரெஸ்ட் ஸ்ட்ரோக், 200 மீ. ஃப்ரீஸ்டைல் ரெண்டுக்கும் பேர் கொடுத்திருக்கேன். சில சந்தேகம்.

பயிற்சிக்குப் போடுற ஜாம்மர்ல (இடுப்புலேர்ந்து முட்டி வரைக்கும் வர்ற இறுக்கமான நீச்சல் சூட்) அங்கீகார முத்திரை எதுவும் இல்லை. நண்பர் ஒருத்தர் 2009-ல வாங்கின சூட்டைத் தர்றேங்கிறார். தோள்லேர்ந்து கணுக்கால் வரைக்கும் வரும், ரப்பர் மாதிரி இருக்கு. எதைப் போடலாம்? புதுசா டெக் சூட் (போட்டிக்குன்னே செய்யற இறுக்கமான சூட்) வாங்கினா துணி ரொம்ப மெல்லிசு, கூச்சமா இருக்கு. உள்ளே சின்ன பிரீஃப் போட்டுக்கலாமா?

அடுத்தது ஷேவிங். நெஞ்சு, முதுகு, கால் எல்லாத்துலயும் முடி நிறைய. இந்த வயசுல, என் வேகத்துக்கு, அதனால ஏதாவது பலன் உண்டா? உண்டுன்னா எங்கெங்கே, எப்போ, எதை வச்சு?

கொடிக்கயிறு
அந்த 2009 சூட்டை நண்பர்கிட்டயே விட்டுடுங்க. 2009 ரோம் உலகப் போட்டியில 43 உலக சாதனை விழுந்ததே அந்த பாலியூரித்தேன் சூட்டுகளோட தயவுலதான். 2010 ஜனவரி 1-லேர்ந்து தடை. இன்னைக்கு இருக்கிற விதி: ஆண்களுக்கு தொப்புளுக்கு மேலே போகக்கூடாது, முட்டிக்குக் கீழே இறங்கக்கூடாது. பெண்களுக்கு கழுத்தை மூடக்கூடாது, தோளைத் தாண்டக்கூடாது, முட்டிக்குக் கீழே வரக்கூடாது. துணிதான் இருக்கணும், தடிமன் 0.8 மி.மீ.-க்கு மேல போகக்கூடாது, மிதப்பு 0.5 நியூட்டனுக்கு மேல கூடாது. ஜிப், கொக்கி எதுவும் கிடையாது. ஜாம்மர் இடுப்புல இருக்கிற நாடா மட்டும் பரவாயில்லை.

முத்திரை இல்லாத ஜாம்மர் விஷயம்: உலக மாஸ்டர்ஸ் போட்டி, சாதனைப் பதிவுன்னா அங்கீகாரப் பட்டியல்ல இருக்கிற மாடல்தான். உள்ளூர் மீட்ல எவ்வளவு கறாரா பார்ப்பாங்கன்னு மீட் அறிவிப்புல போட்டிருப்பாங்க, படிச்சுடுங்க. முத்திரையில பழைய "ஃபினா" பேர் இருந்தா பயப்படாதீங்க. உலக நீச்சல் அமைப்புதான் "வேர்ல்ட் அக்வாடிக்ஸ்"னு பேர் மாத்திக்கிச்சு. மாடல் பட்டியல்ல இருக்கான்னு மட்டும் பாருங்க.

பிரீஃப்: கூடாது. ஒரே ஒரு சூட். புதுசா வர்றவங்க அதிகமா மாட்டுறது இங்கேதான். சூட் அளவு, துணி எல்லாம் சரியா இருக்கும்; உள்ளே போட்ட பிரீஃபோட விளிம்பு இடுப்புல எட்டிப் பார்க்கும். ரெஃப்ரிக்கு அது போதும். கூச்சமா இருந்தா கறுப்பு நிறத்துல, முன்பக்கம் உள்துணி வச்ச மாடல் வாங்குங்க. பிளாக் (குதிக்கிற மேடை) பின்னாடி வர்ற வரைக்கும் மேலே டிராக் பேன்ட் போட்டுக்கலாம். தொப்பி மட்டும் ரெண்டு போடலாம், அதுக்குத் தடை இல்லை.

பிளாக்4
உயரம் கொஞ்சம் கம்மியா இருந்தா ஜாம்மர் முட்டிச் சில்லைத் தாண்டிடும். கடையில நின்னுக்கிட்டுப் பார்த்தா சரியாத்தான் தெரியும், ஏன்னா இடுப்பு முழுசா மேலே ஏறியிருக்காது. உட்கார்ந்து எழுந்து பாருங்க. நீளத்தை மடிச்சுத் தைக்கிற வேலை வேண்டாம், அங்கீகாரம் வாங்கின சூட்டை மாத்தக்கூடாது.

ஷேவிங்: மனசுக்குத் தெம்புங்கிறதைத் தவிர அதுல ஒண்ணும் இல்லை. உங்களுக்கு டர்ன்ல (சுவத்துகிட்ட திரும்புறப்போ) அரை செகண்ட் கிடக்கு, முதல்ல அதைப் பொறுக்குங்க.

தண்ணிப்பாம்பு
பிளாக்4 சொன்ன டர்ன் விஷயம் சரி. ஆனா "வெறும் மனசு"ங்கிறது சரியில்லை. 1989-ல ஷார்ப், காஸ்டில் ரெண்டு பேரும் இதை அளந்து பார்த்திருக்காங்க. ஷேவ் பண்ணினதுக்கு அப்புறம் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்ல ஒரு ஸ்ட்ரோக்குக்குப் போற தூரம் கூடுச்சு, ரத்தத்துல லாக்டேட் (கடுமையா உழைக்கிறப்போ கூடுற பொருள்) குறைஞ்சது. சுவத்தை உதைச்சு சறுக்கும்போது வேகம் இறங்குறதும் மெதுவாச்சு. கயிறு கட்டி, முன்னாடி நகரவிடாம நீந்த வச்சப்போ மட்டும் வித்தியாசமே இல்லை. மனசு மட்டும்தான்னா அங்கேயும் ஏதாவது தெரிஞ்சிருக்கணுமே! ஆக, ஷேவிங்கால குறைஞ்சது தண்ணியோட இழுவைதான்.

நீங்க ஆண், நெஞ்சு முதுகு பூரா திறந்து கிடக்கு, முடியும் நிறைய, நீந்துறதும் பிரெஸ்ட். பலன் உங்களுக்கு மத்தவங்களைவிட அதிகம். தொடையை எப்படியும் ஜாம்மர் மூடிடும், விட்டுடுங்க. நெஞ்சு, வயிறு, முதுகு, கை, கெண்டைக்கால், இதுதான் வேலை. இடுப்புக்கு உள்பக்கம் கை வைக்காதீங்க. இறுக்கமான சூட், வியர்வை, புது ஷேவ் மூணும் சேர்ந்தா அங்கே பொரிப்பொரியா கிளம்பும், நடக்கவே முடியாது.

செய்யறது இப்படி. மீட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி ட்ரிம்மர்ல முடியை 1–3 மி.மீ.-க்குக் கொண்டு வாங்க. இதைத் தாண்டிட்டு நேரா ரேசர் எடுத்தா நாலு இழுப்புக்கு ஒருதரம் பிளேடு அடைச்சுக்கும், அழுத்த ஆரம்பிப்பீங்க, தோல் கிழியும். முந்தின நாள் சாயங்காலம் பத்து நிமிஷம் வெந்நீர்க் குளியல், அப்புறம் ஜெல், அப்புறம் ரேசர். முதல் தடவைன்னா குறைஞ்சபட்சம் மூணு புது ரேசர் வச்சுக்கோங்க, மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். முடி வளர்ற திசையிலயே இழுங்க. எதிர்த்திசை வழவழன்னு வரும், ஆனா நெஞ்சுல உள்முடி கட்டிக்கும். முதுகுக்கு ஆள் வேணும். முடிச்சதும் பச்சைத் தண்ணி ஊத்திட்டு, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் மெல்லிசா அந்த ராத்திரியே. மீட் காலையில எதுவும் தடவாதீங்க, டெக் சூட் ஏத்தும்போது விரல் வழுக்கும், பிளாக்ல காலும் வழுக்கும்.

மீட் அன்னிக்குக் காலையில ஷேவ் பண்ணினா குளோரின் பட்டு எரியும். மூணு நாள் முன்னாடி பண்ணினா திரும்ப முள்ளு முள்ளா வந்து சூட்டுக்குள்ளே உரசும். அதனாலதான் முந்தின சாயங்காலம். மீட் ரெண்டு நாள்னா இரண்டாம் நாளுக்குத் திரும்ப ஷேவ் வேண்டாம்.

இன்னொண்ணு: ஷேவ் பண்ணின உடம்போட முதல்ல குதிக்கிறப்போ தண்ணி ஜில்லுன்னு, வழுக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். அந்த மயக்கத்துல 200 ஃப்ரீல முதல் 50-ஐ பறந்துட்டு, கடைசி 50-ல கல்லைக் கட்டின மாதிரி நிக்கிறவங்க ஏராளம். வார்ம்-அப்லயே ரேஸ் வேகத்துல நாலு 50 மீ. போட்டு அந்த உணர்வைப் பழகிக்கோங்க.

அல்லி
பெண்கள் யாராவது படிச்சா: கால்ல வழக்கமா ஷேவ் பண்றவங்க மீட்டுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி நிறுத்திட்டாத்தான் அந்த வித்தியாசம் தெரியும். வாக்ஸிங்னா மூணு நாலு நாள் முன்னாடியே முடிச்சுடணும், தோல் ஆறணும். முடி நீக்குற கிரீம்னா உள்கையில கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்க. சூட்டுக்குள்ளே ஸ்போர்ட்ஸ் பிராவும் அந்த "ஒரே சூட்" விதியிலதான் வரும், போடக்கூடாது.

நம்ம வயசுக்காரங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, சர்க்கரை இருக்கிறவங்க, கால்ல நரம்பு புடைச்சுக்கிட்டு இருக்கிறவங்க ரேசரைத் தொடாம ட்ரிம்மரோட நிறுத்திக்கோங்க. மச்சத்தைச் சுத்தி ரேசர் வேண்டாம். ரேசரை டீம்ல ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கவே கூடாது. ஷேவ் பண்ணின அன்னிக்கு வெந்நீர்த் தொட்டியிலயும் உட்காராதீங்க, சூடோமோனாஸ் கிருமி மயிர்க்கால்ல ஏறும்.

சூட் போடுறதுக்கு முதல் தடவை அரை மணி நேரம் ஒதுக்குங்க. உடம்பு நல்லாக் காஞ்சிருக்கணும். பாதத்துல பிளாஸ்டிக் பை மாட்டினா கால் சுலபமா நுழையும். ரெண்டு தொடையிலயும் துணி முழுசா மேலே வந்தப்புறம்தான் இடுப்புக்கு ஏத்தணும். விரல் சதையால சின்னச் சின்னதா கிள்ளி ஏத்துங்க. நகம் பட்டாலோ, தையலைப் பிடிச்சு இழுத்தாலோ அங்கேயே கிழியும்.

காலைக்குளியல்
எல்லாருக்கும் நன்றி. அல்லி அக்கா, ட்ரிம்மர் விஷயம் எனக்கே பொருந்தும், அதோடயே நிறுத்திக்கிறேன். தோள்பட்டையில பிசியோ ஒட்டின டேப் இருக்கு. அதோட நீந்தலாமா? தாடியை விட்டுட்டா பரவாயில்லையா?

கொடிக்கயிறு
டேப் அனுமதி இல்லாம கூடாது. மருத்துவர் கடிதத்தை எடுத்துக்கிட்டு செஷன் தொடங்குறதுக்கு முன்னாடியே ரெஃப்ரியைப் பாருங்க. உங்க ரேஸ் நேரத்துல பிளாக் பின்னாடி நின்னு கேட்டா, கழட்டுன்னுதான் பதில் வரும். தேவையில்லைன்னா முந்தின நாளே எடுத்துடுங்க, பசை போக நேரம் ஆகும்.

தண்ணிப்பாம்பு
முழுத் தாடி இருக்கலாம். ரெண்டு நாள் குச்சித் தாடிதான் ஆகாது. ஃப்ரீஸ்டைல்ல மூச்சுக்குத் திரும்புறப்பல்லாம் தாடை தோள்ல உரசும், 200-லயே தோள் சிவந்துடும். ஒண்ணு வளர விடுங்க, இல்லைன்னா முந்தின ராத்திரி வழிச்சுடுங்க.